தரகு எவ்வளவு? முதலில் சொல்ல வேண்டும்!

நிலம் வாங்குவது கத்தரிக்காய் வாங்குவது போல் அல்ல.

கத்தரிக்காய் சொத்தையாக இருந்தால் மறுநாள் வேறு கடைக்குப் போகலாம். வீட்டுமனை அப்படியா? பெரும்பாலான குடும்பங்கள் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் மனை வாங்குகின்றன. அதற்காகத் தாலிக்கொடி அடகுக்குப் போகிறது. சீட்டுப் பணம் எடுக்கப்படுகிறது. வெளியூரில் வேலை பார்க்கும் மகன் வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி அனுப்பிய பணமும் அதில் சேருகிறது.

விற்பவர் நிலையும் இதுதான். மகள் கல்யாணத்துக்காகவோ, ஆஸ்பத்திரிச் செலவுக்காகவோ அப்பன் பாட்டன் வைத்துவிட்டுப் போன நிலத்தை விற்கிறார். அதுவும் ஆயுளில் ஒரு தடவைதான்.

இந்த இரண்டு குடும்பங்களுக்கும் நடுவில் ஒருவர் இருக்கிறார். அவருக்கு இது நூறாவது வியாபாரமாகக் கூட இருக்கலாம். அவர்தான் தரகர்.

வாங்குகிறவர், "சென்ட் என்ன விலை?" என்று கேட்கிறார். விற்கிறவர், "பணம் எப்போது கைக்கு வரும்?" என்று கேட்கிறார். "உங்கள் தரகு எவ்வளவு? அதை யார் தரவேண்டும்?" என்ற கேள்வியை மட்டும் இருவரும் கேட்பதில்லை. "பார்த்துச் செய்யுங்கள்" என்று தரகர் சொல்வார். "பார்த்துக்கொள்ளலாம்" என்று இவர்களும் சொல்வார்கள்.

முதல் கோணல் முற்றும் கோணல் என்பார்கள். அந்த முதல் கோணல் இதுதான்!

தரகர் வேண்டாமா?

தரகர் என்றாலே மோசக்காரர் என்று சொல்லிவிடக் கூடாது. அது நியாயம் அல்ல.

செஞ்சிப் பக்கத்துச் சீயமங்கலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து கோயில் அமைத்த ஊர் அது. ஆயிரத்து நானூறு ஆண்டுப் பழமை அந்தக் கோயிலுக்கு உண்டு. ஆனால் அங்கே ஒருவர் ஐந்து சென்ட் மனையை விற்க நினைத்தால், அந்தச் செய்தி சென்னையில் இருக்கும் ஒருவருக்கு எப்படித் தெரியும்? விற்பவர் ஊர் ஊராகப் போய்ச் சொல்ல முடியுமா?

அந்த வேலையைத் தரகர் செய்கிறார். வாங்க வருகிறவரை அழைத்துப் போய் இடத்தைக் காட்டுகிறார். எல்லைக் கல்லைக் காட்டுகிறார். பங்காளிகளில் யார் கையெழுத்துப் போடவேண்டும் என்று சொல்கிறார். விலையில் முறுக்கிக்கொண்டு நிற்கும் இரண்டு பேரையும் ஒரு வழிக்குக் கொண்டுவருகிறார். பத்திரம் எழுதும் இடத்துக்கும், பட்டா மாற்றும் இடத்துக்கும் நடையாய் நடக்கிறார். இதெல்லாம் உழைப்பு. உழைப்புக்குக் கூலி உண்டு.

ஆகவே தரகு வாங்குவது குற்றம் அல்ல. அதை மறைத்து வாங்குவதுதான் கெடுதல்.

துண்டுக்குள் பேரம்

மாட்டுச் சந்தைக்குப் போனவர்கள் ஒரு காட்சியைப் பார்த்திருப்பார்கள். இரண்டு பேர் கையைக் கோத்துக்கொண்டு நிற்பார்கள். கையின் மேல் ஒரு துண்டு கிடக்கும். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது.

பல ஊர்களில் நிலத்துத் தரகும் இப்படித்தான் நடக்கிறது. துண்டுதான் கண்ணுக்குத் தெரிவதில்லை!

ஒரு கணக்குப் பாருங்கள். ஐந்து சென்ட் மனை. விற்பவரிடம் தரகர், "சென்ட் 2 லட்சம் ரூபாய். அதற்கு மேல் போகாது" என்கிறார். விற்பவர் தலையை ஆட்டிவிடுகிறார். வாங்க வந்தவரிடம் அதே தரகர், "சென்ட் 2 லட்சத்து 30 ஆயிரம். அதற்குக் கீழே இறங்கமாட்டார்கள்" என்கிறார். அவரும் சம்மதிக்கிறார். இருவரும் நேரில் உட்கார்ந்து பேசவே இல்லை.

விற்பவருக்குப் பேசிய தொகை 10 லட்சம். வாங்குபவருக்குப் பேசிய தொகை 11 லட்சத்து 50 ஆயிரம். நடுவில் ஒன்றரை லட்சம் மறைந்துவிட்டது. அதற்கு மேல் ஊர் வழக்கம் என்று இரண்டு பக்கமும் 2 சதவீதம் தரகு. விற்பவர் 20 ஆயிரம் தருகிறார். வாங்குபவர் 23 ஆயிரம் தருகிறார்.

மொத்தத்தில் வாங்கியவர் கொடுத்தது 11 லட்சத்து 73 ஆயிரம். விற்றவர் வீட்டுக்குக் கொண்டுபோனது 9 லட்சத்து 80 ஆயிரம். நடுவில் நின்றது 1 லட்சத்து 93 ஆயிரம்!

தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம். 2023ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக அரசாங்கத்துக்குப் போவது 9 சதவீதம். அதையே பெரிய பாரம் என்று மக்கள் முணுமுணுக்கிறார்கள். இந்தக் கணக்கில் நடுவில் நின்றதோ 16 சதவீதத்துக்கும் மேல்! அதைப் பற்றி ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ஏன்? அது கண்ணுக்குத் தெரியவில்லை.

துண்டை எடுத்துவிட்டால்?

அதே மனை, அதே தரகர், அதே 2 சதவீதம். ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். மூவரும் ஒரே திண்ணையில் உட்காருகிறார்கள். விற்பவர் 10 லட்சத்துக்குக் கொடுக்கத் தயார். வாங்குபவர் 11 லட்சத்து 50 ஆயிரம் வரை கொடுக்கத் தயார். நடுவில் 10 லட்சத்து 75 ஆயிரத்துக்கு முடிகிறது.

ஒவ்வொருவரும் 21 ஆயிரத்து 500 ரூபாய் தரகு தருகிறார்கள். தரகருக்கு 43 ஆயிரம் கிடைக்கிறது. விற்பவருக்கு முன்னைவிட 73 ஆயிரத்து 500 கூடுதல். வாங்குபவருக்கு 76 ஆயிரத்து 500 மிச்சம்.

தரகின் விகிதத்தில் ஒரு காசு குறையவில்லை. ஒளிவு மறைவு ஒன்றுதான் போயிற்று. ஒரு குடும்பம் அந்த மிச்சத்தில் அஸ்திவாரம் போட்டுவிடலாம். இன்னொரு குடும்பம் கல்யாணக் கடனில் ஒரு பங்கை அடைத்துவிடலாம்.

பழைய சட்டம் பேசுகிறது

"வாய்ப்பேச்சாக நடந்த தரகுக்குச் சட்டம் ஏது?" என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் இருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது.

ஒருவருக்காக வேலை செய்யும் முகவர், அவருக்குத் தெரியாமல் அந்த வேலையில் தனக்காக வியாபாரம் செய்து லாபம் அடைந்தால், அந்த லாபத்தைக் கேட்டு வாங்க அவருக்கு உரிமை உண்டு. முகவர் கேட்டபோது கணக்குக் காட்ட வேண்டும். வேறு மாதிரி பேசிக்கொள்ளாவிட்டால், ஒப்புக்கொண்ட காரியம் முடிந்த பிறகே கூலி கேட்கலாம். வேலையில் முறைகேடு செய்தால் அந்த வேலைக்குக் கூலியே கிடையாது. இதெல்லாம் அந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது.

சட்டம் நல்லதுதான். ஆனால் கோர்ட்டுக்குப் போனால் முதலில் கேட்கும் கேள்வி என்ன? "அவர் உங்கள் முகவர்தான் என்பதற்கு அத்தாட்சி எங்கே? என்ன பேசினீர்கள்? எழுத்து இருக்கிறதா?" அங்கேதான் ஏழை வாய் அடைத்துப் போகிறது.

புதிய சட்டம் வந்தது

2016ஆம் ஆண்டு நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் வந்தது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம் என்பது அதன் பெயர். "ரெரா" என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டு ஜூன் மாதம் அதற்கு விதிகள் வந்தன.

வீட்டுமனைத் தரகர்களைப் பற்றி அந்தச் சட்டம் தெளிவாகப் பேசுகிறது. சட்டப்படி பதிவு செய்யவேண்டிய மனைப்பிரிவிலோ அடுக்குமாடி வீட்டிலோ தரகு செய்பவர் தம் பெயரையும் பதிவு செய்துகொள்ள வேண்டும். அவருக்கு ஒரு எண் தருவார்கள். தாம் முடித்துவைக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் அந்த எண்ணை அவர் குறிப்பிட வேண்டும். கணக்குப் புத்தகம் வைக்க வேண்டும். பொய்யான விவரம் சொல்லக் கூடாது. முன்பதிவு செய்பவருக்கு உரிய தஸ்தாவேஜுகள் கிடைக்கச் செய்ய வேண்டும்.

மீறினால் நாள் ஒன்றுக்கு 10 ஆயிரம் ரூபாய் அபராதம். அது ஏறிக்கொண்டே போய், அந்தச் சொத்தின் விலையில் 5 சதவீதம் வரை போகலாம்.

"அப்பாடா! பிரச்சினை தீர்ந்தது" என்று மூச்சு விட்டுவிட வேண்டாம். இதில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன.

முதலாவது ஓட்டை: இந்தச் சட்டம் பெரிய மனைப்பிரிவுகளையும் அடுக்குமாடிகளையும் பற்றியது. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத இடத்துக்கும், எட்டு வீடுகளுக்கு மேற்படாத கட்டடத்துக்கும் பதிவு கட்டாயம் இல்லை. ஒருவர் தம் பழைய வீட்டை இன்னொருவருக்கு விற்பது இதில் வராது. சீயமங்கலத்துக்காரர் தம் ஐந்து சென்ட்டை விற்பதும் வராது. கிராமத்தில் நடக்கும் வியாபாரத்தில் பெரும்பகுதி இதுதானே?

இரண்டாவது ஓட்டை: தரகு எவ்வளவு வாங்கலாம் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்றும் சொல்லவில்லை.

அரியானா செய்த காரியம்

வடக்கே அரியானா மாநிலம் இதற்கு முன்பே ஒரு வழி கண்டது. சொத்துத் தரகர்களை ஒழுங்குபடுத்த 2008ஆம் ஆண்டு தனிச் சட்டம் போட்டது. 2009இல் விதிகள் வந்தன. விலையில் 1 சதவீதத்துக்கு மேல் தரகு கூடாது என்று வரம்பு கட்டினார்கள். விற்பவர் அரை சதவீதம், வாங்குபவர் அரை சதவீதம். தரகர் லைசென்ஸ் வாங்க வேண்டும்.

வரம்பு கட்டுவது நல்லதா? அதில் இரண்டு பக்கம் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 1 சதவீதம் என்றால் 50 ஆயிரம். அது போதும் என்று சொல்லலாம். 3 லட்சம் ரூபாய் மனைக்கு 1 சதவீதம் என்றால் 3 ஆயிரம்தான். இரண்டு மாதம் அலைந்தவருக்கு அது பஸ் செலவுக்கும் டீ செலவுக்கும் சரியாகிவிடும். அப்போது என்ன நடக்கும்? கணக்கில் 3 ஆயிரம், துண்டுக்குள் 30 ஆயிரம்! வரம்பு மட்டும் கட்டிவிட்டு வெளிச்சம் போடாவிட்டால் இருட்டுத்தான் வளரும்.

அமெரிக்காவில் நடந்த வழக்கு

இந்தக் குறை ஏழை நாட்டுக்கு மட்டும் உரியதா? இல்லை.

அமெரிக்காவில் ஒருவர் வீட்டை விற்றால் 5 அல்லது 6 சதவீதம் தரகு கொடுப்பது வெகுகால வழக்கம். விற்பவரே முழுவதையும் கொடுப்பார். அதை அவருடைய தரகரும், வாங்குபவருடைய தரகரும் பங்கிட்டுக்கொள்வார்கள். எதிர்க் கட்சி வக்கீலுக்கும் தாமே பீஸ் கட்டுவது போன்ற கதை! வாங்குபவரோ, "எனக்குத் தரகு இலவசம்" என்று நினைத்துக்கொள்வார். அந்தச் செலவும் வீட்டு விலையில் ஏறி அவர் தலையிலேயே விழுந்தது அவருக்குத் தெரியாது.

இன்னொரு கெடுதலும் உண்டு. எந்த வீட்டில் தங்களுக்குப் பங்கு அதிகமோ, அந்த வீட்டுக்கே தரகர்கள் ஆட்களை அழைத்துப் போகிறார்கள் என்ற புகார் எழுந்தது.

மிசூரி மாநிலத்தில் வீடு விற்றவர்கள் வழக்குப் போட்டார்கள். 2023ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதி கான்சாஸ் நகரத்தில் ஜூரிகள் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். சுமார் 180 கோடி டாலர் நஷ்ட ஈடு என்றார்கள். 2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் தேசிய ரியல்ட்டர்கள் சங்கம் 41 கோடியே 80 லட்சம் டாலர் கொடுக்கவும், விதிகளை மாற்றவும் ஒப்புக்கொண்டது.

2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17ஆம் தேதி முதல் புதிய விதி வந்தது. வாங்குபவரின் தரகருக்கு இவ்வளவு பங்கு என்று தரகர்களின் பொது வீட்டுப் பட்டியலில் போடக் கூடாது. வாங்குபவரை வீடு பார்க்க அழைத்துப் போகும் முன்பே, தரகு எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

இதனால் தரகு ஒரே நாளில் பாதியாகக் குறைந்துவிடவில்லை. புதிதாக வீடு வாங்கும் இளம் குடும்பங்களுக்கு ஒரு கஷ்டமும் வந்தது. விற்பவர் தர மறுத்தால் தங்கள் தரகருக்குத் தாங்களே கையிலிருந்து கொடுக்க வேண்டும். ஆனாலும் ஒரு நன்மை நிச்சயம். என்ன கொடுக்கிறோம், யாருக்குக் கொடுக்கிறோம் என்பது அவர்களுக்கு இப்போது தெரியும். தெரிந்தால்தானே பேரம் பேச முடியும்?

இங்கிலாந்தில் 1979ஆம் ஆண்டே தரகர்களுக்கான சட்டம் வந்துவிட்டது. தரகர் தம் கூலி என்ன என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அந்தச் சொத்தில் தமக்குச் சொந்த லாபம் ஏதாவது இருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

மல்லாட்டை சொல்லும் பாடம்

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். செஞ்சியிலேயே பாடம் இருக்கிறது.

செஞ்சிப் பக்கத்து விவசாயிக்கு மல்லாட்டைதான் காசு. ஒரு காலத்தில் அதை விற்க வியாபாரியின் மண்டிக்குப் போகவேண்டும். தரகு, எடைக்கூலி, சாக்குக் கழிவு என்று ஒவ்வொன்றாகப் பிடிப்பார்கள். மிச்சம் என்ன என்பது வீட்டுக்குப் போய் எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

1933ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. பிறகு 1959இலும் 1987இலும் புதிய சட்டங்கள் வந்தன. ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் ஏற்பட்டன. செஞ்சியிலும் ஒன்று இருக்கிறது. அங்கே விவசாயியிடம் தரகு பிடிப்பதில்லை. விளைபொருளை வாங்கும் வியாபாரிதான் 1 சதவீதம் சந்தைக் கட்டணம் கட்டுகிறார். எடை கண்ணெதிரே நடக்கிறது. விலை எல்லாருக்கும் தெரிகிறது.

அங்கே எல்லாக் குறையும் தீர்ந்துவிட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் யார் கட்டணம் தரவேண்டும், எவ்வளவு தரவேண்டும் என்பதில் சந்தேகம் இல்லை. ஒரு மூட்டை மல்லாட்டைக்கு இருக்கும் இந்தப் பாதுகாப்பு, அது விளைந்த நிலத்துக்கு இல்லை. இது விந்தை அல்லவா?

ஆசை காட்டும் காலம்

இந்தப் பேச்சு இப்போது அவசியமாகிறது. 2025ஆம் ஆண்டு ஜூலை மாதம் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. மராட்டியர்களின் போர்க் கோட்டைகள் என்று 12 கோட்டைகளைச் சேர்த்தார்கள். அவற்றில் தமிழ்நாட்டில் உள்ளது செஞ்சி ஒன்றே. ஊருக்குப் பெருமைதான்.

ஆனால் பெருமை வரும் இடத்தில் "இன்றைக்கு விட்டால் நாளைக்கு இரண்டு மடங்கு விலை" என்ற பேச்சும் வரும். திண்டிவனம் சாலையில் ஒரு பலகை, திருவண்ணாமலை சாலையில் ஒரு பலகை. எந்த மனையில் தமக்குக் கமிஷன் அதிகமோ அந்த மனைக்கே வேனில் ஏற்றிக்கொண்டு போகும் தரகரும் உண்டு. சாப்பாடு இலவசம், தங்கக் காசு இனாம் என்பார்கள். அந்தச் சாப்பாட்டுக்கும் காசுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? மனை விலையிலிருந்துதான்!

அங்கீகாரம் இல்லாத மனைகளை வாங்கியவர்கள் பட்ட பாடு மறந்துவிடவில்லை. 2016ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் தேதி அப்படிப்பட்ட மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் தடை போட்டது. எத்தனையோ குடும்பங்கள் தவித்தன. பிறகு 2017இல் வரன்முறை செய்யும் திட்டம் வந்தது. கட்டணம் கட்டி அலைந்தவர்கள் மனை வாங்கியவர்கள். விற்றுக் கொடுத்துத் தரகு வாங்கியவர்கள் அல்ல.

தரகருக்கும் நல்லதுதான்

"எல்லாவற்றையும் எழுதச் சொன்னால் எங்கள் பிழைப்பு என்ன ஆவது?" என்று தரகர்கள் கேட்கலாம்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது போல, அவர்களுக்கும் கஷ்டம் உண்டு. தரகர் இடத்தைக் காட்டுவார். வாங்குகிறவரும் விற்கிறவரும் கண்ணால் ஜாடை காட்டிக்கொள்வார்கள். "இப்போது வேண்டாம்" என்று தரகரை அனுப்பிவிட்டு, மறு மாதம் தாங்களே பத்திரம் முடித்துவிடுவார்கள். அலைந்தவருக்கு ஒரு காசு இல்லை. அவரும் யாரிடம் போய்ச் சொல்வார்? அவர் கையிலும் எழுத்து இல்லையே!

எழுத்து இருந்தால் யோக்கியமான தரகருக்குத்தான் முதல் லாபம். "இவர் காட்டிய இடம் முடிந்தால் இவருக்கு இவ்வளவு" என்று கையெழுத்து இருந்தால் அவர் கூலியை யாரும் ஏமாற்ற முடியாது. எழுத்துக்குப் பயப்படுகிறவர் யார்? இரண்டு பக்கம் இரண்டு விலை சொல்கிறவர்தான்.

அரசாங்கம் செய்யவேண்டியது

பெரிய காரியம் ஒன்றும் வேண்டாம். ஒரு பக்கக் காகிதம் போதும்.

தரகர் இடத்தைக் காட்டும் முன்பே, தரகு எவ்வளவு, யார் தருவது, எப்போது தருவது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இதைப் பெரிய மனைப்பிரிவு, சிறிய மனை, பழைய வீடு, வயல் என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லாவற்றுக்கும் விதியாக்க வேண்டும்.

கிரயப் பத்திரத்தில் எழுதியவர் பெயர் இருக்கிறது. சாட்சிகள் பெயர் இருக்கிறது. தரகர் பெயரும், அவர் இரண்டு பக்கமும் வாங்கிய தொகையும் அதில் ஒரு வரியாக ஏன் இருக்கக் கூடாது? விற்பவரும் வாங்குபவரும் அந்த வரியைப் பார்ப்பார்கள். இரண்டு விலைக் கதை அன்றோடு முடியும்.

சிறு தரகருக்குப் பதிவு செலவில்லாமல் நடக்க வேண்டும். ஊரில் உள்ள இ-சேவை மையத்திலேயே பெயரைப் பதிந்துகொள்ள வழி செய்ய வேண்டும். பெரிய கம்பெனியிடம் கேட்கும் கட்டணத்தைத் திண்ணைத் தரகரிடம் கேட்டால் அவர் பதிவு செய்யமாட்டார். ஒளிந்துகொள்வார்.

குடும்பங்கள் செய்யவேண்டியது

சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சொன்னது சும்மா அல்ல. நிலம் வாங்கும் குடும்பமும் விற்கும் குடும்பமும் இன்றைக்கே சில காரியங்களைச் செய்யலாம்.

ஒன்று: இடத்தைப் பார்க்கப் புறப்படும் முன் தரகைப் பேசுங்கள். ஒரு காகிதத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். சதவீதமாக மட்டும் எழுத வேண்டாம். "இவ்வளவு ரூபாய்" என்று எழுதுங்கள். சதவீதம் என்றால் விலை ஏற ஏறத் தரகும் ஏறும். வாங்குகிறவருக்காகப் பேசுகிறவர் விலையைக் குறைக்க ஏன் பாடுபடுவார்?

இரண்டு: விலை பேசும் நாளில் விற்பவரும் வாங்குபவரும் நேருக்கு நேர் உட்காருங்கள். "அவர் வரமாட்டார், நானே பேசிவிடுகிறேன்" என்று தரகர் சொன்னால், அவர் வரும் வரை காத்திருங்கள்.

மூன்று: அச்சாரப் பணத்தைத் தரகர் கையில் கொடுக்க வேண்டாம். நிலத்துக்காரர் பேங்கு கணக்கில் கட்டுங்கள். சில விலக்குகள் நீங்கலாக, சொத்து விற்பனைக்கு 20 ஆயிரம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் 2015ஆம் ஆண்டு ஜூன் முதல் தடுக்கிறது. வாங்கிய தொகை எவ்வளவோ அவ்வளவு அபராதம் வரலாம்.

நான்கு: வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் காசு இல்லாமல் பார்க்கலாம். பட்டா, சிட்டாவையும் அரசாங்க இணையதளத்தில் பார்க்கலாம். வீட்டில் படிக்கும் பிள்ளை இருந்தால் அவனையோ அவளையோ பார்க்கச் சொல்லுங்கள். பத்து நிமிஷ வேலை. "நான் பார்த்துவிட்டேன், எல்லாம் கிளியர்" என்ற தரகர் பேச்சு அதற்கு ஈடாகாது.

ஐந்து: மனைப்பிரிவு என்றால், அதற்கும் தரகருக்கும் ரெரா பதிவு எண் உண்டா என்று கேளுங்கள். எண் சொல்லத் தயங்கினால் வேனைவிட்டு இறங்கிவிடுங்கள். சாப்பாடு வீட்டில் இருக்கிறது!

ஆறு: பேச்சு நடக்கும் இடத்தில் வீட்டுப் பெண்களும் இருக்கட்டும். அடகு வைத்தது அவர்கள் நகை. 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால், பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைக்கும் சலுகையை 2025ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தமிழ்நாட்டு அரசாங்கம் கொடுத்தது. பெயர் மட்டும் பெண்ணுக்கு, பேச்சு மட்டும் ஆணுக்கு என்றால் அது சரியல்ல. "தரகு எவ்வளவு?" என்று கூச்சப்படாமல் கேட்கக்கூடியவர் பல வீடுகளில் அம்மாதான்.

ஏழு: தரகு கொடுத்தால் ரசீது வாங்குங்கள். பத்திரம் முடிந்த பிறகு கொடுங்கள். பேசிய தொகையைப் பேசியபடி கொடுங்கள். காரியம் முடிந்த பிறகு பேரம் பேசி அவர் வயிற்றில் அடிக்க வேண்டாம்.

ஊர் அறியட்டும்

பல்லவர் காலத்திலும் சோழர் காலத்திலும் நிலம் கைமாறினால் நான்கு எல்லையையும் சொல்லிக் கல்லில் வெட்டி வைத்தார்கள். கோயில் சுவரில், ஊர் அறிய, உலகறிய வெட்டினார்கள். மறைத்துச் செய்யும் நில வியாபாரம் நிலைக்காது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்று கல் வெட்ட வேண்டாம். ஒரு காகிதம், ஒரு பேனா போதும். "எனக்கு இவ்வளவு தரவேண்டும்" என்று தரகர் முதலில் சொல்லட்டும். "சரி" என்று இருவரும் கையெழுத்துப் போடட்டும். அதற்குப் பிறகு நிலத்தைப் பார்க்கப் போகலாம்.